துவைக்காமல் கொடுத்த சேலை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டதால் அல்ல. "என் பேரு புள்ளைக்கு வேணாம் டீச்சரம்மா, சொல்லிக் குடுத்துடாதீங்க" என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். அவருக்கு நான் கொடுத்த வாக்குகளில் ஒழுங்காகக் காப்பாற்றியது இது ஒன்றுதான். அந்த நாட்களில் வீட்டில் பேசும்போது அவரை 'அவள்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இந்த மரியாதை ரொம்பத் தாமதமாக வந்தது.

நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் டாக்டர், பரிகாரம், மறுபடியும் டாக்டர் என்று அலைந்து ஓய்ந்த பின், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கத் தீர்மானித்து, ஊருக்கு வெளியே இருந்த ஓர் இல்லத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். கைக்குழந்தைகளை ஒரே கூடத்தில் வைத்தால் ஒன்றுக்கு வந்த சளி எல்லாவற்றுக்கும் வந்துவிடும் என்று, தத்துப் போகும் வரை அவர்களைத் தெரிந்த குடும்பங்களில் வளர்க்கக் கொடுப்பார்கள். வளர்ப்பு வீடு என்று அதற்குப் பெயர். எங்களுக்கென்று சொன்ன பெண் குழந்தை, எட்டு நாள் சிசுவாகப் பிள்ளையார்பாளையத்தில், நான் பெயர் எழுதாத இவர் வீட்டுக்குப் போனவள். ஏதோ ஒரு காகிதம் வராமல், கோர்ட்டுத் தேதி தள்ளித் தள்ளிப் போய், எங்கள் கைக்கு வரும்போது அவளுக்கு இரண்டே கால் வயது.

கடைசி இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் குழந்தையோடு பழகுங்கள் என்று இல்லத்தில் சொன்னார்கள். முதல் ஞாயிறு நாங்கள் போனபோது முன்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கணவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். இவர் பக்கத்தில் குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நல்ல உயரம், ஒல்லி, நாற்பத்தைந்து வயது இருக்கும். இதற்கு முன் பதினோரு குழந்தைகளைச் சுமந்த இடுப்பு அது. இறக்கி விட்ட பிறகும் இடது பக்கம் சாய்ந்தேதான் நின்றார்.

குழந்தை எங்களைப் பார்த்துவிட்டு, "அத்த, யாரு?" என்றது.

எனக்கு உயிர் வந்தது. அவரை அது அம்மா என்று கூப்பிட்டுக் கேட்டுவிடப் போகிறேனே என்றுதான் வழி முழுக்கப் பயந்துகொண்டு போயிருந்தேன். அந்த நிம்மதி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாப் புள்ளைக்கும் நான் அத்ததாம்மா. அம்மான்றத நான் எடுத்துகினா உங்களுக்கு இன்னா மிச்சம்? அது அப்படியே புதுசா இருக்குது. நீங்க எடுத்துக்கங்க" என்றார். கடையில் எடுத்துவைத்த சாமானை ஒப்படைப்பவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அது அவ்வளவு சாதாரணமாக வரவில்லை என்பதை அவர் கணவர்தான் பிறகு ஒரு நாள் தறியில் இருந்தபடியே சொன்னார். "ஒரு வயசுல எல்லாம் 'ம்மா'ன்னுதான் சார் கூப்பிடும். இவ திரும்ப மாட்டா. கண்ணுல தண்ணி நிக்கும், திரும்ப மாட்டா. 'த்த'ன்னு சொன்னாத்தான் தூக்குவா. பாக்கற எனக்கே பொறுக்காது." அவர் உள்ளிருந்து, "வேலையப் பாருயா" என்று ஒரு அதட்டல் போட்டார்.

அவருடைய குணம் முழுவதையும் இதில் அடக்கிவிடலாம். தனக்கென்று ஒரு பிடியும் வைத்துக்கொள்ளாமல் வளர்ப்பார். பெண் குழந்தையானால் பாப்பா, பையனானால் தம்பி. பேர் வைப்பது வரப்போகிற அம்மாவின் பாத்தியதை என்பார். "உங்க வீட்ல ரசத்த இன்னான்னு சொல்லுவீங்க?" என்று இரண்டாவது ஞாயிறு கேட்டார். நாங்கள் வைஷ்ணவர்கள், சாத்தமுது என்போம் என்றேன். மூன்றாவது ஞாயிறு குழந்தை என் மடியில் உட்கார்ந்து, "சாத்தமுது வேணும்" என்றது. என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். தறிக்காரர் வீட்டில் சாத்தமுது என்று ஒரு சொல் ஒரு வாரமாகப் புழங்கியிருக்கிறது, எங்களுக்காக.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிறுகளில் எனக்கு அவர்மேல் கோபம்தான் இருந்தது. என்ன கோபம் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. குழந்தை தும்மினால் அது எந்தத் தும்மல் என்று அவருக்குத் தெரிந்தது. வலது காதைத் தடவினால் தூக்கம், இடது காதைத் தடவினால் பசி என்று எனக்குப் பாடம் எடுத்தார். பதினைந்து வருடமாக அறுபது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுப்பவள் நான். "சாப்பிடாம வாய மூடிகினா இன்னா பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் கேள்வி கேட்டார். "எடுத்துச் சொல்லிப் புரிய வைப்பேன்" என்றேன். "ரெண்டு வயசுக்கா?" என்றார். அவ்வளவுதான், அன்று முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இவளை நீங்களே வெச்சுக்கணும்னு தோணலையா?" என்று ஒரு தடவை கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். அவருக்கு ஒரே மகள், ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தார். அவர் குழந்தையின் தலையை வாரிக்கொண்டே, "ஒண்ண வச்சிகினா அடுத்தது எங்கம்மா போவும்?" என்றார். வாரிய கை நிற்கவில்லை.

ஒப்படைக்கிற நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நான் கட்டி அவிழ்த்த சேலை ஒன்று வேண்டும் என்றார். துவைக்காமல். அதை விரித்து அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்தால் என் வாசனை பழகிவிடுமாம். எங்கள் வீட்டில் உடுத்தி அவிழ்த்த துணி விழுப்பு. அதைத் தொட்டுவிட்டு மறு காரியம் செய்ய மாட்டோம். இன்னொருவர் கையில், அதுவும் இவ்வளவு பெரிய உதவி செய்பவர் கையில், அழுக்குத் துணியைக் கொடுப்பதா என்று எனக்குக் கூசியது. அதனால் பெரிய காஞ்சிபுரம் போய் ஒரு புதுப் பட்டுச் சேலை எடுத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். "பட்டு நாங்களே நெய்யறோம்மா" என்றார்.

மறுநாளே, உடுத்திய பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்போடு கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "கஞ்சிதான் மணக்குது. நீங்க எங்க இருக்கீங்க இதுல?" என்று சிரித்தார். சிரித்தவர் அதோடு விடவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய துவைத்த சேலை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "அந்த ரூம்ல போயி மாத்திகினு, கட்டிகினு இருக்கறதக் குடுங்க" என்றார். அவருடைய வாடாமல்லிச் சேலையைக் கட்டிக்கொண்டு ரிக்ஷாவில் வீடு திரும்பினேன். எங்கள் தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

ஒப்படைக்கிற நாளில் குழந்தை என்னிடம் தானாக வந்தது. கழுத்தில் முகத்தைப் புதைத்து மூக்கை உறிஞ்சியது. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அன்று அவர் வாசலுக்கு வரவில்லை. குழந்தைக்குத் தலை குளிப்பாட்டி, தயிர் சாதம் ஊட்டி, ஒரு பையை என்னிடம் கொடுத்தார். அதில் இரண்டு கவுன், ஒரு மரச் செப்பு, அவர் நாலைந்து நாளாகக் கட்டி அவிழ்த்த ஊதா நிறக் கைத்தறிச் சேலை. "ரெண்டு வாரத்துக்கு இத விரிச்சு இதுலயே படுக்க வைங்க. துவைச்சிடாதீங்கம்மா. அப்புறம் எனக்குத் திருப்பிக் குடுக்க வேணாம், தூக்கிப் போட்டுடுங்க" என்றார். பிறகு ராட்டையடியில் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஆட்டோவில் ஏறும் வரைக்கும் அந்தச் சக்கரத்தின் சத்தம் நிற்காமல் கேட்டது. இவ்வளவு கல் மனசா என்று நான் கணவரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கால் மணி நேரத்துக்குள் அந்தச் சேலையை சோப்புத் தூளில் ஊறப்போட்டேன்.

"துவைக்காதேன்னு அவா அவ்வளவு சொன்னாளே" என்றார் என் கணவர்.

"ஒரே சாயமும் புகையுமா வாடை அடிக்கறது. குழந்தைக்கு ஏதாவது வந்துடப் போறது. அதுவும் பெருமாள் இருக்கற ஆத்துல" என்றேன். என் மாமியார் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பழியைப் போட அவரும் இல்லை. ஆசாரம் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, அது ஆசாரம் இல்லை. அத்தனை நாள் என் சேலையில் குழந்தையைக் கிடத்தி என் வாசனையைப் பழக்கிக் கொடுத்த பெண்ணின் வாசனை, என் வீட்டில் ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

அன்று தூங்கப் போகும்போது குழந்தை, "அத்த சேல குடு" என்றது. காயவைத்து மடித்த சேலையை விரித்துப் போட்டேன். குப்புறப் படுத்து முகத்தை அதில் தேய்த்தது. எழுந்து வேறு ஒரு மூலையைப் பிடித்து முகர்ந்தது. பிறகு மொத்தச் சேலையையும் வாரிக்கொண்டு வந்து என் மடியில் போட்டு, "இது இல்ல" என்றது.

"இதுதான்டா கண்ணா."

"இது இல்ல."

ஒன்பது நாள். பகலில் எப்படியோ ஓடிவிடும். படுக்கப் போட்டால் அழுகை. நடுவில் இரண்டு நாள் ஜுரம். ஊதாச் சேலையைப் பீரோவில் இருந்து எடுக்கும்போதெல்லாம் ஓடி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நான்காம் நாள் தறிக்காரர் சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "சேல உதவுதான்னு கேட்டுகினு வரச் சொன்னா" என்றார். குழந்தை அப்போது உள்ளே அழுதுகொண்டிருந்தது.

"ரொம்ப உதவறது. இப்ப தூக்கத்துக்கு அழறா, வேற ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்கோ" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். 'துவைச்சுட்டேன், இன்னொண்ணு குடுங்கோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை மணியில் வந்திருக்கும். நடுவே இரண்டு மைல் தூரம்தான். என் குழந்தை அழுவதை நிறுத்தும் வழி எனக்குத் தெரிந்திருந்தது, நான் அதைச் செய்யவில்லை.

பத்தாம் நாள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் ஜெயித்த மாதிரி தெருவெல்லாம் சொன்னேன். அந்தச் சொல்லை எனக்காகக் கண்ணில் தண்ணீரோடு காத்து வைத்திருந்தவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. காதுகுத்துக்கு அழைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அழைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் கூட்டி வந்து காட்டுகிறேன் என்றிருந்தேன். அதுவும் இல்லை.

ஒரே ஒரு தடவை பார்த்தேன். வைகாசி கருட சேவைக் கூட்டத்தில், என் மகளுக்கு ஆறு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சாரியில், இடுப்பில் ஏதோ ஒரு குழந்தையோடு, இடது பக்கம் சாய்ந்தபடி அவர். எங்களைப் பார்த்துவிட்டார். என் மகளைத் தலையில் இருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று அவர் ஒளிந்துகொண்டார். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தேன். நல்லவேளை என்றுகூட நினைத்தேன்.

தத்தெடுத்த குழந்தை என்பதை என் மகளிடம் நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அவள் நினைப்பில், இல்லத்தில் இருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவள். பதிமூன்று வயதில் ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு நடக்கக் கத்துக் குடுத்தது யாரும்மா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. அதற்கு மேல் மறைக்கத் தெம்பு இல்லை. சொன்னேன். அடுத்த ஞாயிறே போகலாம் என்றாள்.

என் ஸ்கூட்டியில் போனோம். அவர் கணவர் தவறிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தறிக்குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார். தலை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

"வாங்கம்மா. உக்காருங்க" என்று என் மகளுக்கும் சேர்த்து மரியாதை கொடுத்தார். "இன்னிக்கு வர்றீங்கன்னு தெரிஞ்சா வேணாம்னு சொல்லியிருப்பேன். இந்தப் புள்ளய அழைச்சிகினு போக வர்றாங்க."

என் மகள் நேராகக் கேட்டாள். "நான் எப்படி இருப்பேன்?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டிய பிறகுதான் ஆரம்பித்தார். ஒன்பதாம் மாதம் இந்தத் தறிக்குழிக்குப் பக்கத்தில் நின்றதையும், தறியின் பாவுக் கட்டையைப் பிடித்து முதல் அடி வைத்ததையும், கீழ்ப் பல் இரண்டும் ஒரே நாளில் வந்ததையும், கோழியைக் கண்டால் பயந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "நெத்திலிக் கருவாடுன்னா உசுரு. உங்கம்மா வர ஆரம்பிச்சப்புறம்தான் நிறுத்திட்டேன்" என்றார். என் மகள் என்னைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்தாள். தன்னைப் பற்றி இவ்வளவு அவள் கேட்டதே இல்லை. பதினோரு வருடம் நான் பூட்டி வைத்தது இதைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்கட்டில் விளையாட ஆரம்பித்தாள். அவர் காபி போட உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அன்னிக்கு நீங்க குடுத்த சேலைய நான்..."

"துவைச்சிட்டீங்க. தெரியும்மா. துவைச்சி மடிச்சிக் கெடந்தத அவரு வாசல்லருந்தே பாத்துட்டு வந்து சொன்னாரு." பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நான் இன்னொண்ணு எடுத்துகினு உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். அழுவுற சத்தம் அங்கயே கேட்டுது. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"உள்ள வந்திருக்கலாமே."

"நான் வந்தா எங்கிட்ட ஓடியாந்துடுமே. அப்புறம் உங்ககிட்ட எப்ப வரும்?"

அவர் டம்ளரை என் கையில் கொடுத்தார். "அத வுடுங்க. உங்களுக்கப்புறம் இப்பல்லாம் ரெண்டு சேல குடுத்து அனுப்பறேன். ஒண்ணு அவங்க துவைக்கறதுக்கு, ஒண்ணு புள்ளைக்கு." குத்திக்காட்டுகிற குரல் துளியும் இல்லை. அடுப்பை அணைத்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சின்ன வயசுத் தம்பதி. அந்தப் பெண் பயத்தில் வெளிறிப் போயிருந்தாள். பையை வாங்கிக்கொண்டாள், சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றாள். இவர் வழக்கம்போல ராட்டையடியில் போய் உட்கார்ந்தார். நான் இந்தத் தடவை வீட்டுக்கு உள்ளே இருந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் நூலே இல்லை.

நான் வெளியே வந்தேன். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தறி ஓடாத வீட்டில் உள்ளே பேசுவது முன்கட்டுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

என் மகள் என்னைத் தாண்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனாள். குழந்தையை அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, பையைத் தொட்டுக் காட்டி, "அக்கா, அந்தச் சேல ரெண்டையுமே துவைச்சிடாதீங்க" என்றாள்.

திரும்பும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வருபவள், அன்று வீடு வரைக்கும் ஸ்கூட்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.